சேர்ந்தோரும் முடித்தோரும்: நியூயார்க் நகரக் கல்லூரியின் வரலாறு

நம் சங்கத்தின் கல்வி நிதிக்கெனப் பதிவேடு ஒன்று உண்டு. உதவி பெற்ற மாணாக்கரின் பெயர், தந்தையார் பெயர், தேர்வில் பெற்ற மதிப்பெண், சேர்ந்த கல்லூரி, கொடுத்த தொகை ஆகியவை அதில் ஆண்டுவாரியாக எழுதப்பட்டுள்ளன. இம்மலருக்குக் கட்டுரை எழுதும் பொருட்டு அதனைப் புரட்டியபோது ஒரு குறை நம் கண்ணிற் பட்டது. அம்மாணாக்கர் பட்டம் பெற்றனரா என்பதை எழுத அதில் இடமே இல்லை. கல்லூரியிற் சேர்த்துவிட்டதோடு சங்கத்தின் கடமை தீர்ந்தது என்று பதிவேட்டிற்குக் கோடு கிழித்தவர் கருதினார் போலும். கோடு கிழித்தவரும் நாமே. ஆகையால் எவரையும் நோவதற்கில்லை.

அப்பதிவேட்டில் உள்ள பெயர்களுள் ஒன்று தாராவியில் தோல்பை தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனுடையது. பள்ளியிறுதித் தேர்வில் நன்கு தேறி, விழா மேடையில் மாலையும் பரிசும் பெற்ற பிள்ளை அவன். இரண்டாண்டுகள் கழித்து ஒரு திருமண வீட்டில் அவனைக் கண்டோம். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தான். படிப்பைப் பற்றிக் கேட்டதற்குத் தலை குனிந்தான். ஒரு பருவத்துத் தேர்வுக் கட்டணமும் நூலகப் பாக்கியும் கட்ட இயலாமற் போகவே, கல்லூரி அவனைத் தேர்வெழுத விடவில்லை. நம்மிடம் வந்து கேட்க அவனுக்குக் கூச்சம். கேட்க வேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை.

சேர்ந்தோரை எண்ணி, முடித்தோரை எண்ணாமல் விட்டவர் நாம் மட்டும் அல்லேம். செல்வத்தாலும் பல்கலைக்கழகங்களாலும் புகழ்பெற்ற அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சேர்ந்த மாணவருள் எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்பதைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்று சட்டம் பிறந்தது 1990-ஆம் ஆண்டில்தான். அக்கணக்கு வெளிவரத் தொடங்கியபின் அந்நாடு வெட்கப்பட நேர்ந்தது. 2010-இல் நான்காண்டுக் கல்லூரிகளிற் சேர்ந்தவருள் ஆறாண்டுகளுக்குள் அதே கல்லூரியிற் பட்டம் பெற்றோர் வெள்ளையரில் நூற்றுக்கு 64 பேர். லத்தீன் அமெரிக்க வழியினரில் 54 பேர். கருப்பின மக்களில் 40 பேர். நிறத்தால் வரும் இவ்வேற்றுமையோடு வருவாயால் வரும் வேற்றுமையும் பின்னிக் கிடக்கின்றது. இதனைக் குறைக்க நியூயார்க் நகரம் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவந்த முயற்சிகளும், அவற்றில் அது இடறி விழுந்த இடங்களும் நாம் அறியத்தக்கவை.

1847-ஆம் ஆண்டு டவுன்சென்ட் ஹாரிஸ் என்னும் வணிகர் அந்நகரத்தின் கல்வி வாரியத் தலைவராக இருந்தார். பிற்காலத்தில் ஜப்பானுக்கு அமெரிக்காவின் முதல் தூதராகச் சென்று புகழ்பெற்றவர் இவரே. கட்டணமின்றி உயர்கல்வி தரும் கழகம் ஒன்றை நகரத்தார் வரிப்பணத்தில் நிறுவ வேண்டும் என்று இவர் வாதாடினார். செல்வர் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வாக்காளரின் கருத்துக் கேட்கப்பட்டது, பெரும்பான்மையோர் இசைந்தனர். 'பிரீ அகாடமி' என்னும் பெயரோடு 1849 ஜனவரியில் அக்கழகம் திறக்கப்பட்டது. 1866-இல் அதுவே நியூயார்க் நகரக் கல்லூரி ஆயிற்று. பெண்களுக்கு அங்கே இடம் இல்லை. அவர்களுக்கென 1870-இல் தனிக் கல்லூரி எழுந்தது. அதுவே இன்று ஹண்டர் கல்லூரி எனப்படுகிறது.

1907-இல் நகரக் கல்லூரி வடபுறத்து மேட்டு நிலத்திற்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் சுரங்க ரயில்பாதைக்காக மண்ணைக் குடைந்தெடுத்தபோது வெளிவந்த கரும்பாறைகளைக் கொண்டே புதிய கட்டடங்களை எழுப்பினர். கீழே விரிந்து கிடந்த பகுதி ஹார்லெம். கல்லூரி வந்தபோது அங்கே வெள்ளையரே மிகுதியாக வாழ்ந்தனர். அடுத்த இருபது ஆண்டுகளில் தென் மாநிலங்களிலிருந்து கருப்பின மக்கள் வந்து குடியேற, அஃது அவர்களின் தலைநகரம் போல ஆயிற்று. கல்லூரி மேட்டின்மேல் இருந்தது. ஹார்லெம் மக்கள் அடிவாரத்தில் இருந்தனர். இவ்விரண்டிற்கும் இடையே இருந்த படிக்கட்டு ஏறுதற்கு எளிதாக இல்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

இங்கே நம்மவர் ஒருவரை நினையாமற் செல்ல இயலாது. அக்கல்லூரிக்குத் தெற்கே சுமார் ஒரு மைல் தொலைவில் கொலம்பியா பல்கலைக்கழகம் உள்ளது. பரோடா மன்னர் சாயாஜிராவ் தந்த உதவித்தொகையைக் கொண்டு 1913-இல் டாக்டர் அம்பேத்கர் அங்கு வந்து சேர்ந்தார். மூன்றாண்டுகள் பயின்று 1916-இல் இலண்டன் சென்றார். ஆனால் உதவித்தொகையின் காலம் முடிந்தமையால், மேற்கொண்ட ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு 1917-இல் தாயகம் திரும்ப வேண்டியதாயிற்று. பின்னர் மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியப் பணி செய்து சேமித்த பணமும், கோல்ஹாப்பூர் மன்னர் சாஹு மகாராஜர் செய்த உதவியும் துணையாக, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று 1923-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். அத்தகைய பேரறிவாளரையே பணமின்மை மூன்றாண்டுகள் வழிமறித்தது. அவர் மீண்டும் சென்று முடித்தார். அவ்வாறு மீண்டும் செல்ல இயலாதோர் எத்தனை ஆயிரவரோ! அவர்தம் பெயர்களை வரலாறு எழுதிவைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகரக் கல்லூரியை நிறைத்தவர், ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்து குடியேறிய யூதத் தொழிலாளரின் மைந்தர். 1920-களில் ஹார்வர்டு, யேல், கொலம்பியா போன்ற பெரும் பல்கலைக்கழகங்கள் யூத மாணவரின் தொகையைத் தந்திரமாகக் குறைத்தன. நேர்முகத் தேர்வு என்றும், நற்பண்பு என்றும், பிறந்த ஊர் என்றும் காரணம் தேடின. தையற்கூடத்துத் தொழிலாளியின் மகனுக்கு நகரக் கல்லூரியே புகலிடம். போலியோ நோய்க்குத் தடுப்பு மருந்து கண்ட ஜோனாஸ் சால்க் அங்கே 1934-இல் பட்டம் பெற்றவர். பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1940-இல் தேறியவர். நோபல் பரிசு பெற்ற பழைய மாணவர் பத்துப் பேர் வரை உளர். கட்டணம் ஒரு காசும் இல்லை. மாலை வகுப்புகளும் நடந்தமையால் பகலில் உழைப்போரும் பயில முடிந்தது. ஏழைக்குக் கல்வி தருவதால் தரம் தாழும் என்போர்க்கு இதைவிடச் சிறந்த விடை வேறில்லை.

ஆயினும் இப்பெருமைக்கு மறுபக்கம் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் கல்லூரி தேடுவோர் பெருகினர். இருக்கைகள் அவ்வாறு பெருகவில்லை. ஆகவே நுழைவிற்குரிய மதிப்பெண் வரம்பு ஆண்டுக்காண்டு உயர்ந்தது. ஹார்லெமில் வாழ்ந்த கருப்பினப் பிள்ளைகளும், போர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து வந்தோர் பிள்ளைகளும் படித்த பள்ளிகளோ நெருக்கடி மிகுந்தவை. அவர்களுட் பலரைக் கல்லூரிக்கு வழிகாட்டாத தொழிற்பிரிவுகளில் அப்பள்ளிகள் தள்ளிவிட்டன. சட்டத்தில் எத்தடையும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆனாலும் 1960-களில் மேட்டுக் கல்லூரியின் வகுப்பறைகளிற் பெரும்பாலும் வெள்ளை முகங்களே காணப்பட்டன. மேலே பாட மணி அடிக்கும் ஓசை கீழே கேட்டது, அவ்வளவே.

1965-இல் ஒரு சிறு தொடக்கம் ஏற்பட்டது. வரம்புக்குக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஏழை மாணவர் சிலரைச் சேர்த்து, அவர்களுக்கு முன்னேற்பாட்டு வகுப்புகளும் உதவித்தொகையும் ஆலோசகரும் அளிக்கும் திட்டம் அது. அடுத்த ஆண்டு மாநிலச் சட்டமன்றம் அதற்குப் பணம் ஒதுக்கியது. 'சீக்' என்னும் சுருக்கப் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. ஆட்ரி லார்ட், ஏட்ரியன் ரிச் போன்ற கவிஞர்கள் அத்திட்டத்தில் ஆசிரியராய்ப் பணியாற்றினர் என்பது பலர் அறியாத செய்தி.

சிறு தொடக்கம் போதாது என மாணவர் கருதினர். 1969 ஏப்ரல் 22-ஆம் நாள் கருப்பின, போர்ட்டோ ரிக்கோ மாணவர் ஏறத்தாழ இருநூற்றுவர் கல்லூரியின் தென்வளாகத்துக் கதவுகளைப் பூட்டி உள்ளே அமர்ந்தனர். நகரத்து உயர்நிலைப் பள்ளிகளில் எவ்வெவ்வினத்தார் எவ்வளவினரோ, கல்லூரியின் முதலாண்டு வகுப்பிலும் அவ்வளவினராதல் வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. கல்லூரித் தலைவர் பியூல் கல்லகர், முன்னாளில் அலபாமா மாநிலத்தில் கருப்பினத்தார் கல்லூரி ஒன்றின் தலைவராக இருந்தவர். அவர் காவலரை அழைக்க விரும்பாமல் வளாகத்தை மூடிவிட்டுப் பேச்சு நடத்தினார். அஃது மேயர் தேர்தல் நடைபெறும் ஆண்டு; வேட்பாளர் ஒருவர் நீதிமன்றம் சென்று கல்லூரியைத் திறக்க ஆணை வாங்கினார். இரு சாராருக்கும் இடையே கைகலப்பும் தீவைப்பும் நிகழ்ந்தன. மே மாதத்தில் கல்லகர் பதவி துறந்தார். வன்முறையை நாம் போற்றோம். எனினும் பூட்டிய அக்கதவுகள் இல்லையேல் பின் நிகழ்ந்தது நிகழ்ந்திராது என்பதை மறைப்பதும் நேர்மையன்று.

நகர உயர்கல்வி வாரியம் 1975-இல் செய்வதாக இருந்த ஒன்றை 1970-லேயே செய்யத் துணிந்தது. நகரத்து உயர்நிலைப் பள்ளியில் தேறிய எவர்க்கும் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு கல்லூரியில் இடம் உண்டு என அறிவித்தது. முந்திய ஆண்டில் ஏறத்தாழ 20,000 பேர் முதலாண்டிற் சேர்ந்தனர். 1970 இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ 35,000 பேர் சேர்ந்தனர். போராடியவர் கருப்பரும் போர்ட்டோ ரிக்கரும். ஆனால் பயன் பெற்றவருள் இத்தாலிய, அயர்லாந்து வழிவந்த வெள்ளைத் தொழிலாளரின் பிள்ளைகளும் பெருந்தொகையினர். ஒருவர் வெட்டிய கிணற்றில் ஊரே நீர் மொண்டது.

வந்தவர்க்கு அமர இடமில்லை. வாடகைக் கூடங்களில் வகுப்புகள் நடந்தன. பலர்க்கு ஒரு பத்தி பிழையின்றி எழுதத் தெரியவில்லை. பழைய பேராசிரியர் சிலர் கல்லூரி பாழாயிற்று என்று புலம்பினர். மீனா ஷானெஸ்ஸி என்னும் ஆசிரியை அவ்வாறு புலம்பவில்லை. நுழைவுத் தேர்வில் அம்மாணவர் எழுதிய கட்டுரைகள் சுமார் நாலாயிரத்தை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிழையும் எவ்வாறு பிறந்தது என்று ஆராய்ந்தார். பிழைகள் அறிவின்மையால் நிகழ்வன அல்ல. கற்பவர் தாமாக ஒரு விதியை ஊகித்து, அவ்விதிப்படி எழுதுவதால் நிகழ்வன. ஊகத்தைக் கண்டறிந்தால் பிழையைத் திருத்தலாம் என்று காட்டினார். 1977-இல் அவரது நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும் மராத்தியும், வகுப்பில் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகளை வளர்க்கும் நாம் அவ்வம்மையாரின் பொறுமையை எளிதில் உணர முடியும். சிவப்பு மையால் சுழிப்பதற்கு ஒரு நொடி போதும். பிழையின் பிறப்பிடத்தைத் தேடுவதற்கு நாலாயிரம் தாள்களைப் படிக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே நகரம் கடனில் மூழ்கியது. 1976-இல் ஊதியம் தரப் பணமின்றிப் பல்கலைக்கழகமே சில நாட்கள் மூடிக் கிடந்தது. அவ்வாண்டு இலையுதிர் காலமுதல் கட்டணம் விதிக்கப்பட்டது. 1847 முதல் 129 ஆண்டுகள் நிலைநின்ற இலவசக் கல்வி, வாயில் எல்லார்க்கும் திறந்த ஆறாவது ஆண்டில் முடிவெய்தியது. ஏழை மாணவர்க்கு மாநில உதவியும் நாட்டரசின் உதவித்தொகையும் உண்டே என்று சமாதானம் கூறினர். ஆனால் மாநில உதவி முழுநேரம் பயில்வோர்க்கே உரியது. பகலில் கடையில் நின்று இரவில் இரண்டு பாடம் படிப்பவர்க்கு அது கிடைக்கவில்லை. சேர்க்கை பெரிதும் வீழ்ந்தது.

வாயில் திறந்ததால் விளைந்த பயன்தான் யாது? நான்காண்டு, ஐந்தாண்டுக் கணக்கைப் பார்த்தவர் தோல்வி என்றனர். உண்மையில் பலர் நடுவிலே நின்றுவிட்டனர். ஆயினும் பால் ஆட்டவெல், டேவிட் லேவின் என்னும் சமூகவியலறிஞர் இருவர், அக்காலத்திற் சேர்ந்த பெண்களை முப்பதாண்டுகள் கழித்துத் தேடிக் கண்டு உசாவினர். 2007-இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, அப்பெண்களுள் பத்தில் ஏழு பேருக்கு மேல் இறுதியில் ஏதேனும் ஒரு பட்டம் பெற்றிருந்தனர். பிள்ளை பெற்று, வேலைக்குப் போய், விட்டுவிட்டுத் தொடர்ந்து, பத்தாண்டுகளுக்குப் பின்னும் முடித்தவர் பலர். அவர்தம் மக்களும் கல்வியில் மேம்பட்டனர். விரைவில் எண்ணியவர்க்குத் தோல்வியாகத் தோன்றியது, பொறுத்து எண்ணியவர்க்கு வேறாகத் தோன்றியது. ஆனால் ஒரு பட்டத்திற்காக ஒருத்தி பதினைந்து ஆண்டுகள் அலைய வேண்டுமா என்னும் வினா எஞ்சியே நிற்கின்றது.

அவ்வினாவிற்கு விடை தேடியதே அடுத்த கட்டம். 1999-இல் நான்காண்டுக் கல்லூரிகளில் அடிப்படைப் பயிற்சி வகுப்புகளை நீக்கப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. அவ்வகுப்புகள் தேவைப்பட்டோர் ஈராண்டுக் கல்லூரிகளுக்குச் செல்ல நேர்ந்தது. அங்கேயோ சேர்ந்தவருட் சிலரே முடித்தனர். பட்டக் கணக்கிற் சேராத பயிற்சிப் பாடங்களில் உதவித்தொகை கரைந்தது. ஓர் ஆலோசகருக்கு அறுநூறு மாணவர்க்கு மேல். 2007-இல் நகராட்சியின் துணையோடு ஆறு ஈராண்டுக் கல்லூரிகளில் 'ஏசாப்' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் ஏற்பாடுகளைக் கேட்போர் இவ்வளவுதானா என்பர். மாணவர் முழுநேரம் பயில வேண்டும். உதவித்தொகை போகக் கட்டணத்தில் எஞ்சும் பாக்கியைத் திட்டமே செலுத்தும். பாடநூல் வாங்க உதவி உண்டு. நம் மின்ரயிலின் சீசன் டிக்கெட் போன்ற மாதப் பயண அட்டை இலவசம். ஆனால் ஆலோசகரைச் சென்று கண்டால்தான் அது கைக்கு வரும். தொடக்க ஆண்டுகளில் அவ்வாலோசகருக்கு அறுபது முதல் எண்பது மாணவரே பொறுப்பாக இருந்தனர். ஆகவே ஒருவன் இருமுறை வாராவிடின் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் உண்டு.

இத்திட்டத்தை எம்.டி.ஆர்.சி. என்னும் ஆய்வு நிறுவனம் சோதித்தது. குறைந்த வருவாயுடைய மாணவர் 896 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைத் திட்டத்திற் சேர்த்து, மற்றவரை வழக்கம்போல் விட்டுப் பார்த்தனர். மூன்றாண்டுகளிற் பட்டம் பெற்றோர், திட்டத்தில் இருந்தவருள் நூற்றுக்கு 40, ஏனையோருள் 22. ஒரு மாணவருக்கு ஆகும் செலவு மிகுந்தது மெய்யே. எனினும் முடித்தோர் பெருகினமையால் ஒரு பட்டத்திற்கு ஆகும் செலவு குறைந்தது. ஒஹையோ மாநிலத்து மூன்று கல்லூரிகளில் இதனைப் பின்பற்றியபோதும் அவ்வாறே விளைந்தது: 35-க்கு எதிராக 19.

தென்னாட்டு அட்லாண்டா நகரத்து ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தையும் ஒரு சொல் கூறாமல் விடலாகாது. பழைய மாணவரின் நற்சான்று கொணர்ந்தால்தான் இடம் என்பது அங்கே விதி; பழைய மாணவர் அனைவரும் வெள்ளையர்! கருப்பினப் பெண்மணியர் மூவர் தொடுத்த வழக்கில் 1959-இல் நீதிமன்றம் அவ்விதியை முறித்தது. உடனே மாநிலச் சட்டமன்றம் வயது வரம்பு ஒன்றை விதித்து, வேறு வழியால் அம்மூவரைத் தடுத்தது. அதே கல்லூரியில் 2003-இல் முடித்தோர் நூற்றுக்கு 32. பாக்கி சில நூறு டாலரே இருந்தும் அதனைக் கட்ட இயலாமல் பெயர் நீக்கப்பட்ட மாணவர் பருவந்தோறும் பலர் என்பதைப் பின்னர் வந்த நிருவாகம் கண்டது. 2011 முதல் அவர்கள் கேளாமலே அத்தொகையை வரவு வைத்தது. மதிப்பெண் சரியத் தொடங்கியதும் எச்சரிக்கும் முறையையும் அமைத்தது. பதினைந்தாண்டுகளுக்குள் முடித்தோர் தொகை பாதிக்கு மேல் உயர்ந்தது. கருப்பின மாணவரும் ஏழை மாணவரும் ஏனையோர்க்குக் குறையாத அளவில் தேறலாயினர்.

2023 ஜூன் 29-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாணவரைச் சேர்க்கும்போது இனத்தைக் கருதுதல் கூடாது எனத் தீர்ப்பளித்தது. வாயிலைப் பற்றிய வழக்கு இன்னும் ஓயவில்லை. ஆனால் பயண அட்டையையும் சில நூறு டாலர் பாக்கியையும் எந்தத் தீர்ப்பும் தடை செய்யவில்லை.

நம் பதிவேட்டில் 'முடித்த ஆண்டு' என ஒரு பத்தி சேர்க்கச் செயற்குழு இசைந்துள்ளது. பழைய பெயர்களுக்குரியோரைத் தேடி மடல் எழுதி வருகிறோம். முகவரி மாறியவர்களின் மடல்கள் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. இதுவரை மூவர் விடை எழுதியுள்ளனர். அவர்களுள் இருவர் முடிக்கவில்லை.